மேலே சுற்றுவது பருந்தா, கழுகா? இரைப்பறவைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளக்கரைக்கும் தரிசுக்கும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பறவை பார்க்கப் போவது எனக்குப் பத்து வருடத்துக்கு மேலான பழக்கம். கொக்கு, நாரை, மீன்கொத்தி வரை சிக்கல் இல்லை. கொக்கி அலகோடு ஓர் இரைப்பறவை தலைக்கு மேலே போனால் கேள்வி தொடங்கிவிடும். அதே கேள்விகள் வாட்ஸ்அப்பிலும் மங்கலான படத்தோடு வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் பார்க்கக் கிடைப்பவை மட்டும்.

1. பருந்து, கழுகு, வல்லூறு, ராஜாளி எல்லாம் ஒண்ணுதானே சார்?

இல்லை. ஆனால் நம் ஊரில் பெயர்கள் குழம்பிக் கிடப்பதும் உண்மை. சென்னைப் பிள்ளைகளுக்குப் பறக்கும் எல்லாமே கழுகு. கிராமத்தில் பெரும்பாலும் எல்லாம் பருந்து. பிணம் தின்னும் பாறுவையும் கழுகு என்கிறோம், பாம்பு பிடிப்பதையும் கழுகு என்கிறோம். ராஜாளி என்ற சொல் யாருக்கு எது பிடிக்கிறதோ அதற்குப் போய்ச் சேர்கிறது. அரக்கோணத்திலுள்ள கடற்படை விமானத்தளத்துக்குக்கூட அந்தப் பெயர்தான்.

இந்தப் பக்கத்தில் நான் பயன்படுத்தும் முறை இது. நடுத்தர உருவத்தில், லேசான உடலோடு மிதந்து திரிபவை பருந்து. பெரிய உடல், அகன்ற சிறகு, சிறகு நுனியில் விரல் விரித்தது போல ஆறேழு இறகு தெரிவது கழுகு. கூர்மையான சிறகு, இறுக்கமான உடல், அம்பு போன்ற வேகம் என்றால் வல்லூறு. குட்டைச் சிறகும் நீண்ட வாலும் கொண்டு மரத்துக்கு மரம் பாய்வது வைரி. பாறு தனி. 2008இல் வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வு, வல்லூறுகள் கழுகுகளைவிடக் கிளிகளுக்கு நெருங்கிய உறவு என்று காட்டியது. ஆகவே பார்க்க ஒரே மாதிரி இருப்பதை வைத்து உறவு கொண்டாட முடியாது.

2. எங்க தெரு மேல எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கே, அது என்ன?

பெரும்பாலும் கள்ளப்பருந்து. உடல் முழுக்க மங்கிய பழுப்பு, வால் நுனி நடுவில் உள்வாங்கிப் பிளந்திருக்கும். கறிக்கடை, மீன் சந்தை, குப்பைமேடு இருக்கும் இடமெல்லாம் இருக்கும். பறக்கும்போது வாலைப் படகின் சுக்கான் போல இப்படியும் அப்படியும் முறுக்கிக்கொண்டே இருப்பதைக் கவனியுங்கள். இவ்வளவு ஓயாமல் வாலைத் திருப்பும் வேறு பெரிய பறவை நம் ஊரில் இல்லை.

முதலில் இந்த ஒன்றை மட்டும் ஒரு மாதம் பாருங்கள். சிறகை எப்படி வைத்திருக்கிறது, காற்றில் எப்படிச் சாய்கிறது, காகம் துரத்தினால் எப்படி வளைகிறது என்று மனதில் பதியட்டும். பிறகு வேறு எது வந்தாலும் "இது அது இல்லை" என்று உடனே உறைக்கும். புத்தகம் வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை இது.

3. கும்பாபிஷேகத்தப்போ கோபுரத்து மேல மூணு தடவ சுத்துச்சே, அது கருடன்தானா?

கருடன் என்று நாம் கும்பிடுவது செம்பருந்தை. தலை, கழுத்து, மார்பு வெள்ளை. மற்றதெல்லாம் செங்கல் நிறம். சிறகு நுனி கருப்பு. வால் நுனி பிளவில்லாமல் வளைந்திருக்கும். ஆற்றோரம், குளம், கடற்கரை, நெல்வயல் பக்கம் இருக்கும் ஊர்களில் சாதாரணமாகவே உண்டு. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் இதையும் கள்ளப்பருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

குடமுழுக்குகளில் எனக்கு வந்த வீடியோக்களில் பாதிக்கு மேல் கள்ளப்பருந்துதான். பக்தியில் நான் தலையிடவில்லை. வால் பிளந்திருந்தால் கருடன் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

4. வாலைப் பாருங்கன்னீங்க. பார்த்தேன், பிளவே இல்ல. ஆனா உடம்பு பழுப்பு. அப்ப அது என்ன?

இங்கே மூன்று வாய்ப்பு. ஒன்று, கள்ளப்பருந்தேதான், வாலை முழுவதும் விரித்திருக்கிறது. விசிறி போல விரித்தால் பிளவு மறைந்து வால் நேர்க்கோடாகிவிடும். வட்டமிடும்போது வாலைச் சுருக்கும் நொடிக்குக் காத்திருங்கள். இறகு உதிரும் காலத்தில் வாலில் ஓரிரண்டு இறகு விழுந்திருந்தாலும் இதே குழப்பம் வரும்.

இரண்டு, செம்பருந்தின் இளம்பறவை. முதல் வருடத்தில் அதற்குச் செங்கல் நிறமும் கிடையாது, வெள்ளைத் தலையும் கிடையாது. பழுப்புதான். பெரியவற்றின் நிறம் வர இரண்டு மூன்று வருடம் ஆகும். வால் மட்டும் அன்றிலிருந்தே வட்டம். கள்ளப்பருந்தைவிடச் சற்றுச் சின்னதாக, வால் குட்டையாகத் தெரியும்.

மூன்று, குளிர்காலத்தில் மட்டும் வரும் சேற்றுப் பூனைப்பருந்து. நாணல் மேல் தாழ்வாக, சிறகை உயர்த்தி வைத்துப் பறக்கும் (10ஆம் கேள்வி). இதன் பெட்டையை இளம் செம்பருந்து என்று நான் ஒரு பருவம் முழுக்க நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இரண்டுமே குளத்தின் மேல் திரியும் பழுப்புப் பறவைகள் என்பதால் சந்தேகமே வரவில்லை.

5. இவ்வளவு எதுக்கு? நிறத்தை வச்சே சொல்லிட முடியாதா?

நிறத்தில் தொடங்குவதால்தான் எல்லோரும் தடுமாறுகிறோம். கிளிக்கும் மீன்கொத்திக்கும் நிறம் கைகொடுக்கும். இரைப்பறவை அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், வெயிலுக்கு எதிரில் பறக்கிறது. அடிப்பக்கம் நிழலில் இருக்கும். வெள்ளை சாம்பலாகத் தெரியும், செம்மண் தரையின் ஒளி பட்டால் அதே வெள்ளை சிவந்தும் தெரியும். இளசுக்கு ஒரு நிறம், வளர்ந்ததற்கு வேறு நிறம், சிலவற்றில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு.

தேன் பருந்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்று அடிவயிறு வெளுத்திருக்கும், இன்னொன்று செம்பழுப்பு, மற்றொன்று கிட்டத்தட்டக் கருப்பு, சிலவற்றில் குறுக்குவரி, சிலவற்றில் நெடுக்குவரி. பத்துப் பறவை பார்த்தால் பத்து உடை. ஆனால் புறாவுக்கு இருப்பது போன்ற சின்னத் தலை, அதைத் தாங்கும் நீண்ட கழுத்து, அகன்ற சிறகு, நீண்ட வால் ஆகிய நான்கும் எந்த உடையிலும் மாறாது. தேனீக் கூட்டைப் பிய்த்துப் புழுவைத் தின்னும் பறவை, கொட்டு வாங்காமலிருக்க முகத்தில் செதில் போல நெருங்கிய இறகு வைத்திருக்கிறது. அந்தச் சின்னத் தலையை ஒருமுறை பிடித்துவிட்டால் பிறகு நிறத்தைக் கேட்கவே மாட்டீர்கள்.

முதலில் உருவம், அடுத்து பறக்கும் விதம், அதற்கடுத்து எந்த இடம், எந்த மாதம். நிறம் கடைசியில்.

6. அவ்ளோ உயரத்துல கரும்புள்ளியா தெரியுது. அதுல எதைப் பார்க்க?

அது உங்களுக்கு நேராக வரும்போதோ விலகிப் போகும்போதோ சிறகின் வளைவைப் பாருங்கள். சிறகு இரண்டும் மேல்நோக்கி ஆங்கில 'வி' போல நின்றால் பூனைப்பருந்து, கடற்கழுகு, கருங்கழுகு, கொண்டைப் பாம்புக்கழுகு ஆகியவற்றில் ஒன்று. தட்டையாக அல்லது நுனி லேசாகத் தொங்கினால் கள்ளப்பருந்து, தேன் பருந்து பக்கம் யோசிக்கலாம். நடுவில் மடிந்து 'எம்' போல இருந்தால் மீன் பிடிக்கும் விராலடிப்பான் (12ஆம் கேள்வி). பலகையை வைத்தது போல அகன்ற சிறகு, குட்டை வால், நிமிடக்கணக்கில் ஒருமுறைகூடச் சிறகடிக்காதது என்றால் பாறு.

பக்கத்தில் காகம் இருந்தால் அதிர்ஷ்டம். காகம் இலவச அளவுகோல். காகத்தைவிடச் சின்னதா, ஒன்றரை மடங்கா, இரண்டு மடங்கா என்று எழுதிக்கொள்ளுங்கள். வெறும் வானத்தில் உருவ அளவு சொல்லாதீர்கள். உழவாரன் என்ற சின்னப் பறவையை வல்லூறு என்று காட்டியவர்களும் உண்டு. உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்பது பழமொழியில்தான். தனியாக வானத்தில் நின்றால் ஆகிவிடுகிறது.

7. ஒரே இடத்துல நின்னு சிறகடிக்குது. ஹெலிகாப்டர் மாதிரி. இது எது?

இப்படி வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். விடையும் ஓரளவு எளிது, இதைச் செய்பவை சில மட்டுமே. காகத்தைவிடச் சின்னது, வெள்ளையும் சாம்பலும், தோளில் கருந்திட்டு, கண் சிவப்பு என்றால் கருந்தோள் பருந்து. வயல்வெளியில் மின்கம்பியில் உட்கார்ந்து வாலை மேலும் கீழும் ஆட்டும். எலி அதன் சாப்பாடு. காற்றில் நிற்கும்போது சிறகைத் தூக்கிப் பிடித்து, காலைத் தொங்கவிட்டு, படிப்படியாக இறங்கும்.

முதுகு செங்காவி, வால் நீளம், வாலை விசிறியாக விரித்தால் நுனியில் கருப்புப் பட்டை என்றால் செவ்வல்லூறு. சமவெளியில் குளிர்கால விருந்தாளி, மேற்குத்தொடர்ச்சி மலையில் நிரந்தரமாக வாழ்பவையும் உண்டு. பெரிய உடலோடு, கனத்த சிறகை அடித்துக்கொண்டு ஒன்று அப்படி நின்றால் அது குட்டைவிரல் பாம்புக்கழுகு. அடிப்பக்கம் வெளுப்பு, தலையும் மார்பும் மட்டும் முக்காடு போட்டது போலப் பழுப்பு, ஆந்தை போல உருண்டைத் தலை. தரிசு நிலத்தில் பாம்பு தேடி நிற்கும்.

தண்ணீருக்கு மேலே நின்றால் விராலடிப்பானாக இருக்கலாம். அல்லது கருப்பு வெள்ளை மீன்கொத்தியாக இருக்கலாம், சிரிக்காதீர்கள், தூரத்தில் நடக்கும்.

8. தோட்டத்துல அணில் எல்லாம் ஒரேடியா கத்துது. மேல பார்த்தா ஒண்ணுமே இல்ல.

மேலே பார்க்காதீர்கள், மரத்துக்குள் பாருங்கள். வைரி வந்திருக்கும். கள்ளப்பருந்து சுற்றும்போது அணிலும் தவிட்டுக்குருவியும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. வைரி வந்தால் தோட்டமே கத்தும், பிறகு சட்டென்று அடங்கும். எந்தப் புத்தகத்தையும்விட அணிலுக்கு இது நன்றாகத் தெரியும்.

வைரி புறா அளவு. ஆண் முதுகு நீலச்சாம்பல், மார்பில் மெல்லிய செங்காவிக் குறுக்குவரி, கண் சிவப்பு. பெண் உருவில் பெரிது, கண் மஞ்சள். இரைப்பறவைகளில் பெரும்பாலும் பெண்தான் பெரிது. இளசின் மார்பில் குறுக்குவரிக்குப் பதிலாகத் துளித்துளியாக நெடுக்குக் கோடு. நாலைந்து வேகச் சிறகடிப்பு, ஒரு சறுக்கல், மறுபடி சிறகடிப்பு என்று பறந்தால் தூரத்திலிருந்தே பெயர் சொல்லிவிடலாம். சில ஊர்களில் இதையே வல்லூறு என்கிறார்கள். 1ஆம் கேள்வியில் சொன்ன குழப்பம் இதுதான்.

9. வைரி மாதிரியேதான் இருந்துச்சு, ஆனா ஏதோ சரியில்லையே?

அந்த 'ஏதோ' அநேகமாக அக்காக்குயில். சாம்பல் முதுகு, மார்பில் வரி, பட்டை போட்ட வால், அதே சிறகடிப்பு, சறுக்கல் எல்லாம் வைரியை ஒத்தவை. சின்னக் குருவிகளே ஏமாந்து துரத்துகின்றன. தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிடும் பறவைக்கு இந்த வேஷத்தால் லாபம். உட்கார்ந்ததும் அலகைப் பாருங்கள். கொக்கி இருக்காது. வைரி நிமிர்ந்து உட்காரும், குயில் கிடைமட்டமாக, சிறகைத் தளர்த்தி உட்காரும்.

காட்டுக்குள் பார்த்தீர்கள், தொண்டை நடுவில் தடித்த கருங்கோடு இருந்தது என்றால் அது பெஸ்ரா எனும் காட்டு வைரி. நம் வைரிக்கு அந்தக் கோடு மங்கலாகத்தான் இருக்கும். வறண்ட தரிசில் பட்ட மரத்தில் அசையாமல் உட்கார்ந்து, வெண்தொண்டையும் வெள்ளைக் கண்ணுமாக முறைத்தால் வெள்ளைக்கண் வைரி. பெயரில் மட்டும்தான் வைரி, அது வேறு இனம்.

10. அறுவடை முடிஞ்ச வயலு மேல ஆள் உயரத்துல ஒண்ணு போச்சு, வாலடியில வெள்ளைப் பட்டை. சொல்லுங்க.

பூனைப்பருந்து. ஐப்பசி முதல் பங்குனி வரை வந்திருக்கும் விருந்தாளிகள், மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வருபவையும் இவற்றில் உண்டு. சிறகை உயர்த்திப் பிடித்து, தரையைத் துழாவுவது போல, அங்கங்கே திரும்பித் திரும்பிப் போகும். பொழுது சாய்ந்தால் மரத்துக்குப் போகாது. புல்தரையிலேயே கூட்டமாக இறங்கித் தூங்கும். குஜராத்தின் வேளாவதார் இப்படிப்பட்ட கூடலுக்குப் பேர்போனது. தெற்கே தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத் தரிசுகளிலும் இவற்றைப் பார்க்கலாம்.

ஆண்கள் எளிது. வெளிர்ச் சாம்பல் உடலில் சிறகு நுனியில் ஆப்பு வடிவக் கருப்பு மட்டும் என்றால் வெளிர் பூனைப்பருந்து. சிறகின் மேல்பக்கம் நெடுகக் கூடுதலாக ஒரு கருங்கோடு ஓடினால் மாண்டேகு பூனைப்பருந்து. இவற்றின் பெண்களும் இளசுகளும் பழுப்பு, இரண்டிலும் வாலடி வெள்ளை. கழுத்தில் தெளிவான வெளிர்ப் பட்டி தெரிந்தால் வெளிர் பூனைப்பருந்துப் பக்கம் சாயலாம். தெரியாவிட்டால் 'பூனைப்பருந்து, பெண்' என்று எழுதி மூடிவிடுங்கள். நானும் பாதி நாள் அப்படித்தான் எழுதுகிறேன்.

11. கோழிக்குஞ்சைத் தூக்கிட்டுப் போறது எது?

சமவெளியில் கள்ளப்பருந்தும் வைரியும். முதலாவது மேலிருந்து வழித்துக்கொண்டு போகும், இரண்டாவது வேலி ஓரமாகத் தாழ வந்து அடிக்கும். மலையோர ஊர்களில் கொண்டை வைத்த மரக்கழுகு பெரிய கோழியையே தூக்கும். எதுவாக இருந்தாலும் பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் வருட வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

12. மீன் பிடிச்சா கடற்கழுகுதானே?

செம்பருந்தும் கள்ளப்பருந்துமே மீன் எடுக்கும், ஆனால் தண்ணீரின் மேல்பரப்பில் காலால் கோதி எடுக்கும். தண்ணீருக்குள் காலை நீட்டித் தொப்பென்று விழுந்து, சிறகை உதறிக்கொண்டு எழுந்தால் விராலடிப்பான். கண்ணை ஊடுருவிப் போகும் கருங்கோடு, வெள்ளை அடிவயிறு, 6ஆம் கேள்வியில் சொன்ன 'எம்' சிறகு. பிடித்த மீனைத் தலை முன்னால் இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு போகும். குளிர்காலத்தில் பழவேற்காடு, கோடியக்கரை, பெரிய அணைகள்.

வெண்வயிற்றுக் கடற்கழுகு இதைவிட மிகப் பெரிது. வெள்ளை உடல், சாம்பல் முதுகு, ஆப்பு போல முடியும் குட்டை வெள்ளை வால், 'வி' சிறகு. கடற்கரை ஓரத்துப் பறவை. கடற்பாம்பையும் பிடிக்கும்.

13. செல்போன் டவர்ல உக்காந்திருந்துச்சு, திடீர்னு புறாக் கூட்டத்துல பாய்ஞ்சுது.

பொரி வல்லூறு. கூரிய சிறகு, பறக்கும்போது நங்கூரம் போன்ற வடிவம், கன்னத்தில் மீசை போலக் கருந்திட்டு. செங்குத்தாகப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். குளிர்காலத்தில் நகரக் கோபுரங்களில் உட்காருபவை வடக்கிலிருந்து வருபவை, மார்பு வெளுப்பு. மலைப்பாறைகளில் கூடு கட்டும் நம் ஊர் வகைக்கு வயிறு செங்காவி, தலை நல்ல கருப்பு. இதை ஷாஹீன் என்பார்கள்.

14. வால்பாறை போனப்ப ரெண்டு பார்த்தேன், ஒண்ணு கத்திக்கிட்டே சுத்துச்சு, ஒண்ணு மரத்தை உரசுற மாதிரி போச்சு.

கத்தியது கொண்டைப் பாம்புக்கழுகு. வெயில் ஏறியதும் மேலே எழும்பி நீளமாகக் கூவும். சிறகின் பின்னோரமும் வால் நடுவும் அகன்ற வெள்ளைப் பட்டை, அண்ணாந்து பார்த்தாலே தெரியும்.

உரசிப் போனது கருங்கழுகு. உடல் முழுக்கக் கருப்பு, கால் மட்டும் மஞ்சள். சிறகு உடலோடு சேரும் இடத்தில் ஒடுங்கி, நுனியில் அகன்று, துடுப்பு போல இருக்கும். அவ்வளவு பெரிய பறவை அவ்வளவு மெதுவாகப் போவதை முதல்முறை பார்க்கும்போது விழுந்துவிடும் என்றே தோன்றும். அது இலைக்கூட்டத்துக்குள் கூடுகளைத் தேடிப் போகிறது. முட்டையோ குஞ்சோ கிடைத்தால் கூட்டோடு அள்ளும்.

15. அடியில முன்பாதி வெள்ளை, பின்பாதி கருப்பு. பாறுதானே? எங்க ஊர்ல பாறு வந்திருச்சா?

அவசரப்படாதீர்கள். இந்த உடை மூன்று பறவைக்கு உண்டு. கள்ளப்பருந்து அளவில், வால் நேராக முடிந்தால் அது பூட்டட் கழுகின் வெளிர் நிற வகை, குளிர்கால விருந்தாளி. எதிரே வரும்போது கழுத்தும் சிறகும் சேரும் இடத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளி, வண்டி விளக்கு போலத் தெரியும். 'பாறு' என்று எனக்கு வரும் படங்களில் அதிகம் இதுதான். வால் ஆப்பு போலக் கூம்பி, முகம் மஞ்சளாக இருந்தால் மஞ்சள்முகப் பாறு. திருக்கழுக்குன்றத்தில் உச்சிப்பொழுதில் சோறு வாங்க வந்த 'கழுகு' இதுவே. இப்போது அங்கே வருவதில்லை.

மூன்றாவது வெண்முதுகுப் பாறு. உருவத்தில் மற்ற இரண்டையும் விழுங்கிவிடும், 6ஆம் கேள்வியில் சொன்ன பலகைச் சிறகு. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் கூடு கட்டுகிறது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து நாடு முழுக்க அழித்தது. 2006இல் கால்நடைக்கு அது தடை செய்யப்பட்டது. ஆகவே மோயாற்றுக்கு வெளியே உண்மையாகவே ஒன்றைப் பார்த்தால் அது பெரிய செய்தி. படம் எடுங்கள், வாலும் வரும்படி.

16. ஏரிக்கரையில பெரிய கரும்பழுப்புக் கழுகு. படம் அனுப்பிருக்கேன். பேர்?

வாய் விரிசல் கண்ணின் எந்த இடம்வரை போகிறது, சிறகின் அடியில் முன்பக்கத்துச் சின்ன இறகுகள் பின்னோரத்து நீண்ட இறகுகளைவிடக் கருப்பா வெளுப்பா என்று தெரியாமல் இந்த மாதிரிக் கரும்பழுப்புக் கழுகுகளுக்குப் பெயர் சொல்ல மாட்டேன். குளிர்காலத்தில் நீர்நிலை என்றால் பெரும்புள்ளிக் கழுகு என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். அதன் இளசுக்குத்தான் வரிசையாக வெள்ளைப் புள்ளி, வளர்ந்தால் புள்ளியே இருக்காது. பெயர் வைத்தவரிடம் கேட்க வேண்டும்.

17. சத்தத்தை வச்சுக் கண்டுபிடிக்கலாமா?

கொண்டைப் பாம்புக்கழுகை, வைரியை, கள்ளப்பருந்தின் கனைப்பை அடையாளம் காணலாம். ஆனால் கரிச்சான் வைரி போலவும், துடுப்புவால் கரிச்சான் பாம்புக்கழுகு போலவும் அப்படியே கத்தும். பறவையைப் பார்க்காமல் குரலை மட்டும் வைத்து நான் பதிவதில்லை.

18. ஆப்புல போட்டா ஒரு நொடியில பேர் வந்துருதே, இதெல்லாம் எதுக்கு?

உட்கார்ந்த பறவையின் தெளிவான படம் என்றால் மெர்லின் போன்ற ஆப் நன்றாகவே சொல்கிறது. நிழலுருவப் படத்துக்கும் அதே தைரியத்தோடு ஒரு பெயர் தரும் என்பதுதான் தொல்லை. அதைச் சந்தேகப்படவாவது 6ஆம் கேள்வி தெரிந்திருக்க வேண்டும். படம் எடுக்கும்போது கேமராவில் வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள், அடிவயிறு கருத்துப்போகாது. ஒரு படம் போதாது. திரும்பும்போது, விலகும்போது, வாலைச் சுருக்கும்போது என்று நாலைந்து வேண்டும்.

19. எல்லாம் பார்த்தும் பேர் கிடைக்கலன்னா?

பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்டு இணையதளப் பட்டியலில் 'இனம் தெரியாத இரைப்பறவை' என்று பதியவே இடம் இருக்கிறது, கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். கூடவே நாள், நேரம், இடம், காகத்தோடு ஒப்பிட்ட அளவு, சிறகு வைத்திருந்த விதம், வால் நுனி ஆகிய ஆறையும் எழுதிவிடுங்கள். பெயர் தெரியாமல் 2014இல் நான் இப்படிக் குறித்து வைத்த ஒன்று, நாலு வருடம் கழித்து அதே கண்மாய்க்கரையில் அதே மாதிரி சிறகை வைத்துக்கொண்டு ஒரு தேன் பருந்து பறந்தபோதுதான் எனக்கு விளங்கியது.